இசையாசிரியரும் மாணவரே
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இசையாசிரியர்களின் பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். "ஆசிரியர்க்கும் பயிற்சியா? அவர் கற்று முடித்துத்தானே வேலைக்கு வந்தார்?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை சொல்வதே என் உரையின் நோக்கம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நீங்கள் அறிவீர்கள். மாதவி ஏழு ஆண்டுகள் கலை பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவளுடைய திறத்தைச் சொல்லுமுன், அவளுக்குக் கற்பித்தோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர்க்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கிறார். தண்ணுமை முழக்குவோன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நல்ல மாணவி அமைய வேண்டுமானால் முதலில் ஆசிரியர் தகுதி பெறவேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய ஆபிரகாம் பண்டிதர், 1912-இல் தஞ்சையில் ஒரு சங்கம் நிறுவி, இசைவாணர்களை ஓரிடத்தில் கூட்டி ஆராயச் செய்தார். 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தபோது அவருக்கு அகவை ஐம்பத்தெட்டு. சென்னை மியூசிக் அகாதெமி 1931-இல் இசையாசிரியர்களுக்கெனவே ஒரு கல்லூரியைத் தொடங்கிற்று. பாடத் தெரிந்தவரெல்லாம் பயிற்றத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார் என்பதை இவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால், நம் தெருக்களில் பறை பயிற்றிய ஆசான்களுக்கு எந்தக் கல்லூரி இருந்தது? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்து எண்ணுகிறது. அத்தகைய கருவியைத் தீண்டத்தகாததாக்கி, அதை முழக்குவதை ஒரு குடியின் தலைமேல் கட்டாய ஊழியமாக ஏற்றியது சாதி. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் ஊரில் இறப்பு நேர்ந்தால், நள்ளிரவானாலும் என் தந்தையார் பறையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். காய்ச்சல் என்று சொல்லி மறுக்க முடியாது. கூலியாகக் கிடைப்பது சிறிது நெல்லும் மிஞ்சிய சோறும். நான் பத்தாம் வகுப்பில் தேறிய அன்று, அவர் பறையை உடைத்து அடுப்பில் வைத்தார். "இது என்னோடு போகட்டும்" என்றார். என்னை இசைப்பள்ளிக்கு அனுப்பினார். நான் வாய்ப்பாட்டுக் கற்று ஆசிரியன் ஆனேன். முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில், உடன்பணியாற்றிய ஒருவர், "உங்களுக்கெல்லாம் சரளி வரிசை எதற்கு? தப்படித்தால் போதாதா?" என்று கேட்டார். அவர் அறியாதது ஒன்று உண்டு. எனக்குத் தப்படிக்கத் தெரியாது!

பல ஆண்டுகள் கழித்து, ஆண்டு விழாவிற்குப் பறை கற்றுத்தருமாறு மாணவ மாணவியர் என்னிடம் கேட்டனர். நாற்பது அகவையைக் கடந்த நான் என் தந்தையாரிடம் சென்று நின்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாராவது வந்து கூப்பிட்டால், இந்தப் பிள்ளைகள் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா?"

"முடியும் அப்பா" என்றேன்.

"அப்படியானால் சொல்லித் தருகிறேன்."

தோழர்களே, நம் கலைக்கல்வியின் அடிப்படையே அந்தக் கேள்வியில் இருக்கிறது. மறுக்கும் உரிமை உள்ளவன் செய்வது கலை. மறுக்க முடியாதவன் செய்வது அடிமை ஊழியம். மாணவன் கையில் குச்சியைக் கொடுக்குமுன் இந்த வேறுபாட்டை அவனுக்கு உணர்த்துவது ஆசிரியரின் முதற்கடமை.

அந்தப் பயிற்சியில் நான் மற்றொன்றும் கற்றேன். தந்தையாரை மெதுவாக அடித்துக் காட்டச் சொன்னபோது அவரால் இயலவில்லை. விரைவில் பிழையின்றி வரும் அடி, நிதானத்தில் குலைந்து போயிற்று. அவர் கை அறிந்ததை அவர் வாய் அறியவில்லை. எனவே அவர் எங்களை முதலில் நடக்கச் செய்தார். கால் எண்ணிக்கையைப் பிடித்த பின்னர், ஒவ்வோர் அடியையும் வாயால் சொல்லவைத்தோம். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். அவரிடம் கலை இருந்தது. என்னிடம் பயிற்றும் முறை இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் பாடம் பிறந்தது.

நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் உவமை கூறுகிறது. ஆசிரியர் ஆகாதவர்க்குக் கழற்குடத்தைச் சொல்கிறது. குடத்தில் இட்ட கழற்காய்கள் இட்ட முறைப்படி வெளிவருவதில்லை. கற்றதை வரிசைப்படுத்தத் தெரியாத இசையாசிரியரும் அத்தகையவரே. வரிசைப்படுத்தும் திறன் பயிற்சியால் மட்டுமே வரும்.

இனி, நம் ஆசிரியர்கள் நாள்தோறும் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் ஆசிரியர், அதே சுருதியில் சிறுவர்களைப் பாடவைப்பது பெருந்தவறு. அவர்களுடைய தொண்டைக்கு நான்கு, ஐந்து கட்டையே இயல்பாக அமையும். பன்னிரண்டு முதல் பதினைந்து அகவைக்குள் பையன்களின் குரல் உடையும். அப்போது "உனக்குப் பாட்டு வராது" என்று விலக்கிவிட்டால், அவன் வாழ்நாள் முழுவதும் பாடமாட்டான். குறைந்த ஒலியில், எளிய பாடல்களைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மூடிய அறையில் பத்துப் பறைகளை ஒருங்கே முழக்கினால் செவி கெடும். வெளியிலே பயிற்றுங்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள். ஒருவர் வகுப்பில் மற்றோர் ஆசிரியர் அமர்ந்து பார்த்துக் குறை நிறைகளைச் சொல்லட்டும். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அங்கே மூன்றாண்டுகள் பயின்று சான்றிதழ் பெறுங்கள். சான்றிதழ் இல்லாதவனுக்கு அலுவலகக் கதவு திறப்பதில்லை. ஆனால் சான்றிதழ் பெற்றதும், சான்றிதழ் இல்லாத ஆசானை மறந்துவிடாதீர்கள். மதுரைப் பகுதியின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை முழக்கி, அது ஆணின் கருவி என்ற எண்ணத்தை உடைத்திருக்கிறார்கள். நம் பெண்மக்களும் ஆசிரியர்களாக வரவேண்டும்.

கழகத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் பத்து நாட்கள் இசையாசிரியர் பயிற்சி முகாம் நடத்துங்கள். அதில் முதிய ஆசான்களை மேடையில் அமர்த்தி, மதிப்பூதியம் வழங்கிக் கற்பிக்கச் செய்யுங்கள். பட்டம் பெற்றவர்கள் கீழே அமர்ந்து எழுதட்டும், பதிவு செய்யட்டும். ஓர் ஆசான் மறையும்போது எழுதப்படாத அடிகளும் அவரோடு மறைகின்றன.

என் தந்தையார் இன்று இல்லை. அவர் சொல்ல நான் எழுதிய குறிப்பேடு இருக்கிறது. அதன் படி ஒன்றை இக்கழகத்தின் நூலகத்திற்கு இந்த வெள்ளிவிழா நாளில் அளிக்கிறேன். அதிலுள்ள பிழைகளைத் திருத்தி, விடுபட்ட அடிகளைச் சேர்க்கும் பொறுப்பு உங்களுடையது.