சிஸ்கோவுக்குள் போன சாதி

(கள்ளக்குறிச்சியில் சமத்துவ நாளையொட்டி நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஒரு கம்பெனியின் வரலாற்றைப் பேசப்போகிறேன் என்றதும், "அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் கம்பெனிக் கதையா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியலோ பி.சி.ஏ.வோ படிக்கிறீர்கள். நாளைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போவீர்கள். நான் பதினொரு வருடமாக நெட்வொர்க் வேலை செய்கிறவன். நீங்கள் போகப்போகிற இடத்தைப் புரிந்துகொள்ள சிஸ்கோவின் கதை உதவும்.

முதலில், அந்தக் கம்பெனி என்ன செய்கிறது? நீங்கள் போனில் அனுப்பும் படம் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் போய்ச் சேரவேண்டிய முகவரி இருக்கும். அதைப் பார்த்து "நீ இந்தப் பக்கம் போ" என்று அனுப்பிவைக்கும் பெட்டிதான் ரவுட்டர். நம் பஸ் ஸ்டாண்டில் நின்று சேலமா, திருவண்ணாமலையா, சின்னசேலமா என்று கேட்டு ஏற்றிவிடுகிற ஆள் மாதிரி. அந்தப் பெட்டியை விற்றுத்தான் சிஸ்கோ வளர்ந்தது.

1984 டிசம்பரில் லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி அதைத் தொடங்கினார்கள். இருவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள். வெவ்வேறு துறைகளில் இருந்த காதலர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப ரவுட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாள் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மென்பொருளை எழுதியவர் பில் யேகர். கணினிப் பலகையை வடிவமைத்தவர் ஆண்டி பெக்டோல்ஷைம். சிஸ்கோவின் முதல் சரக்கு அந்த வேலையின் மேல்தான் நின்றது. இதில் பல்கலைக்கழகத்துடன் தகராறு வந்து, 1986இல் போசாக் அங்கிருந்து விலக நேர்ந்தது. 1987இல் பல்கலைக்கழகம் முறைப்படி உரிமம் கொடுத்தது. 1990இல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம், 2000 மார்ச்சில் 50,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புடன் உலகிலேயே விலைமதிப்பு மிக்க நிறுவனமாக இருந்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன்? இரண்டு பேரின் மூளையில் உதித்ததாகச் சொல்லப்படுகிற ஒன்றின் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. பொதுப் பணமும் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் தொடங்கியது. அதாவது அந்த நாட்டு மக்களின் வரிப்பணம். சிஸ்கோவில் வேலை பார்க்கும் நம் நாட்டுப் பொறியாளர்களில் பலரை உருவாக்கிய ஐ.ஐ.டி.களும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவைதான். கருணாபுரத்தில் ஒரு தீப்பெட்டி வாங்குகிறவரும் அந்த வரியைக் கட்டுகிறார். "எல்லாம் என் மெரிட்" என்று யாராவது நெஞ்சைத் தட்டினால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். 2020 ஜூன் 30 அன்று, கலிபோர்னியா மாநில அரசின் குடிமை உரிமைகள் துறை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. சான் ஹோசே தலைமையகத்தில் வேலை செய்த ஒரு தலித் பொறியாளர், ஆதிக்க சாதியைச் சேர்ந்த இரண்டு மேலதிகாரிகளால் பாகுபாட்டுக்கு ஆளானார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை. புகார் மனு சொல்வது இதுதான். அவரும் மேலதிகாரிகளில் ஒருவரும் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். இவர் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை அந்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறார். அதை எதிர்த்து இவர் நிறுவனத்துக்குள் புகார் கொடுத்தார். பிறகு பொறுப்புகள் குறைக்கப்பட்டன, ஒதுக்கப்பட்டார். சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் ஆகாது என்று நிறுவனத்துக்குள் அவருக்குப் பதில் சொல்லப்பட்டது.

சிஸ்கோ இதை மறுத்தது. விசாரித்தோம், பாகுபாடு நடக்கவில்லை என்றது. 2023இல் அந்த இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. இதையும் சேர்த்தேதான் நாம் சொல்ல வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாத ஒன்றைத் தீர்ப்பு மாதிரி நாம் பேசத் தேவையில்லை. ஏனென்றால் அந்த வழக்கு கிளப்பிய கேள்வியே போதுமான அளவு பெரியது. சாதி என்ற சொல் ஒரு நிறுவனத்தின் விதிகளில் இல்லை என்றால், சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? இனம் என்றா, மதம் என்றா, நிறம் என்றா? எதிரில் இருப்பவரும் அதே நாடு, அதே நிறம், பெரும்பாலும் அதே மதம்.

இந்த வழக்கு வந்த பிறகு பூட்டியிருந்த வாய்கள் திறந்தன. அமெரிக்காவில் வேலை செய்யும் முப்பது தலித் பெண் பொறியாளர்கள் தங்கள் அனுபவத்தை அறிக்கையாக வெளியிட்டார்கள். ஆப்பிள் நிறுவனம் 2020 செப்டம்பருக்குப் பிறகு தன் ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில், க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தால், சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. கலிபோர்னியாவில் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த சட்ட முன்வடிவு இரண்டு அவைகளிலும் நிறைவேறியும், 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். இருக்கிற சட்டமே போதும் என்றார். இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் தேன்மொழி சௌந்தரராஜன், நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2022இல் கூகுளில் அவர் பேச இருந்த நிகழ்ச்சி, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. சாதியைப் பற்றிப் பேசினால்தான் பிரிவினை வருமாம்!

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். நம் பக்கம் வருவோம்.

நான் வேலை தேடிய காலத்தில் ஒரு நேர்முகத் தேர்வு. ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றேன். "டவுனா, கிராமமா?" கிராமம் என்றேன். "ஊருக்குள்ளயா, தள்ளியா?" என்று அடுத்த கேள்வி. ரவுட்டிங்கைப் பற்றி இரண்டு கேள்வி, தெருவைப் பற்றி நான்கு கேள்வி. வேலை கிடைக்கவில்லை. அந்த நான்கு கேள்விகளை எந்த விதியை வைத்து எதிர்ப்பது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது.

மலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஆர்ப்பாநெட் தொடங்கியது 1969. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது 1976. கணினிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்து ஏழு வருடம் கழித்துத்தான் உங்கள் தாத்தா பாட்டிகள் ஜாகீரிலிருந்து விடுபட்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண், உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, சிக்னலுக்கு மேடு தேடி ஏறி, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கல்லூரிக்கு வருகிறாள். அவளுக்குக் கிடைத்த இடம் சலுகை என்றும், நான்கு தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் திறமை என்றும் சொல்கிறவர்களுக்குக் கணக்கே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் நடப்பது பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வடிவத்தில் இருக்காது. மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். நல்ல புராஜெக்ட் தர மாட்டார்கள். முதுகைத் தட்டுவது போல் தட்டிப் பூணூல் தேடுவார்கள். பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு நிறுவனங்களில் புகார்க் குழு வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. சாதிக்கு அப்படி ஒரு குழு வைக்கத் தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடும் இல்லை. சிஸ்கோ ரவுட்டர்களைச் சென்னையிலேயே தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது. நிலமும் மின்சாரமும் சலுகையும் கொடுத்துக் கம்பெனிகளை அழைக்கிற அரசு, சாதிப் புகார்க் குழுவையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாமே! இதை நாம் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.

அதுவரை, வேலைக்குப் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். சேர்ந்த முதல் வாரமே நிறுவனத்தின் நடத்தை விதிகளை வாங்கிப் படியுங்கள். சாதி என்ற சொல் இல்லையென்றால் ஏன் இல்லை என்று மெயிலில் கேளுங்கள். ஏதாவது நடந்தால் தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். அப்புறம், தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் போன அக்கா, அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம். இந்தக் கூட்டம் முடிந்ததும் என் நம்பரை வாங்கிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.