ஹார்டு டிஸ்க்கின் உடைந்த நாக்கு

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றும்போது பவர் கேபிளைக் கொஞ்சம் கோணலாக இழுத்தால் போதும், 'டக்'கென்று ஒரு சத்தம். கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து கேபிளுக்குள்ளேயே தங்கிவிடும். டிஸ்க்கின் பக்கம் மெல்லிய பின்கள் மட்டும் பிடிமானமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 2003 வாக்கில் புழக்கத்துக்கு வந்த சாட்டா வகை டிஸ்க்குகளில் அடிக்கடி நேர்கிற விபத்து இது.

உடனே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாசற்படி இடிந்ததற்காக வீட்டையே கைவிடுவாரா யாரும்? கல்யாணப் படங்களும் அப்பாவின் குரலும் உள்ளே இருக்கும் தட்டுகளில் அப்படியேதான் இருக்கின்றன.

முதலில் மின்சாரத்தை முழுவதும் நிறுத்துங்கள். கேபிளுக்குள் சிக்கிய பிளாஸ்டிக்கைப் பிடுங்கவே வேண்டாம், அதுதான் நமக்குத் துணை. பின்கள் வளையாமல் வரிசையாக இருந்தால், கேபிளை அந்தத் துண்டோடு சேர்த்தே, பின்கள் அதன் மேல் சரியாகப் படியும்படி மெதுவாகப் பொருத்தலாம். வளைந்த பின்னை மெல்லிய இடுக்கியால் நிமிர்த்துங்கள். பொருந்தியதும் கேபிள் அசையாதபடி பக்கவாட்டில் எபாக்ஸி பசை வைத்து, நன்றாக இறுகும்வரை காத்திருங்கள். வேலை முடியும்வரை அந்தக் கேபிள் டிஸ்க்கோடுதான் இருக்கும்.

பின்களே ஒடிந்துபோயிருந்தால் சால்டரிங் செய்ய வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை. மொத்தம் 15 பின்கள். டேட்டா கனெக்டர் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால், 7 முதல் 9 வரை 5 வோல்ட், கடைசி மூன்றும் 12 வோல்ட். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் சிவப்பு ஒயர் 5 வோல்ட், மஞ்சள் 12, கறுப்பு கிரவுண்ட். சிவப்பு போக வேண்டிய இடத்தில் மஞ்சளை வைத்துவிட்டால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடக்கூடும். பக்கத்துப் பின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கை நடுங்குகிறவர்கள், செல்போன் பழுது பார்க்கும் நல்ல கைகாரரிடம் கொடுப்பதே மேல்.

அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அண்மைக்கால டிஸ்க்குகளில் இது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிறு சிப்பில் பதிவாகியிருக்கும். அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றினால்தான் பலன். டிஸ்க்கின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒரு தூசி போதும், தட்டைக் கீறிவிடும்.

டிஸ்க் சுழலத் தொடங்கியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டிக், டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்கும் நிபுணரிடம் எடுத்துப் போங்கள். சத்தம் சீராக இருந்தால், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள். சினிமாவும் பாட்டும் அப்புறம். அந்த டிஸ்க்கில் இனி எதையும் புதிதாகச் சேமிக்க வேண்டாம். நகல்களை இரண்டு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகு கணினியை அணையுங்கள்.