எள்ளலின் இரு முகங்கள்: 'தி சிம்ப்சன்ஸ்' தொடரை முன்வைத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் ஓர் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அங்கதம் நமக்கு அயலானதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வெளிப்படையாக வைவதையும் மறைத்துப் பழிப்பதையும் அங்கதத்தின் இரு வகைகளாக்கினார். மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாக வைத்தார். யாரை எள்ளுகிறோம், எங்கே நின்று எள்ளுகிறோம் என்பதே நான் இன்று எழுப்ப விரும்பும் வினா. அதற்கு இத்தொடர் நல்லதோர் உரைகல்.

மாட் குரோனிங் படைத்த 'தி சிம்ப்சன்ஸ்', 1987-இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வரும் சிறு சித்திரங்களாகத் தோன்றி, 1989 டிசம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அரைமணி நேரத் தொடராயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை நகரம். அங்கே அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், மனைவி மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, மேகி. சோம்பலும் பேராசையும் உடைய ஹோமரை நாம் வெறுப்பதில்லை. அவனுள் நம்மைக் காண்கிறோம். தொடரின் முதல் வலிமை அதுவே.

இரண்டாவது வலிமை, அதிகாரத்தின் முன் அஞ்சாமை. 1992 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன் குடும்பத்தைப் போலன்றி வால்டன் குடும்பத்தைப் போல் விளங்க வேண்டுமெனப் பேசினார். வால்டன் குடும்பம் என்பது 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தைச் சித்திரித்த பழைய தொடரின் குடும்பம். சில நாள்களிலேயே பார்ட் விடை சொன்னான்: நாங்களும் அவர்களைப் போலத்தான், பொருளாதார மந்தம் நீங்க வேண்டுமென்று இறைவனை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று. நாட்டின் தலைவருக்கு ஒரு பத்து வயதுச் சிறுவனின் வாயால் வந்த பதில் அது.

கவிஞர்கள் கருத வேண்டிய பகுதி ஒன்று 1993-இல் வந்தது. ஊர்ப் பொதுநிதியாக முப்பது இலட்சம் டாலர் சேர்கிறது. பழுதான சாலையைச் செப்பனிடலாம் என்கிறாள் மார்ஜ். அப்போது எங்கிருந்தோ வந்த வணிகன் ஒருவன், ஒற்றைத் தண்டவாள ரயில் வேண்டுமென்று பாடத் தொடங்குகிறான். தாளம் ஏற ஏற ஊரே சேர்ந்து பாடுகிறது. பணம் போகிறது, ரயில் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. எதுகையும் மோனையும் மெய்யைத் தோற்கடிக்கும் கணத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய அங்கதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கவியரங்கக் கைதட்டலில் வளர்ந்த நமக்கும் அதில் பாடம் உண்டு.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தொடரை ஒளிபரப்பிய நிறுவனத்தின் அதிபர் ரூபர்ட் முர்டாக், 1999-இல் தாமே தம் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்து, தம்மைக் கோடீசுவரக் கொடுங்கோலர் என்று அறிமுகம் செய்துகொண்டார். துணிவு என்று பாராட்டலாம். ஆனால் எள்ளப்படுபவரே எள்ளலின் உரிமையாளராகி அதில் மகிழ்ந்தும் சிரிக்கும்போது, அம்பின் முனை மழுங்கிவிடுகிறது.

பெரிய குறை, அபு. 1990-இல் அறிமுகமான இந்தியக் கடைக்காரர். கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரது பெயரின் பிற்பகுதியோ எந்த இந்திய மொழியிலும் இல்லாத நீண்ட ஓசைக் கோவை. அவருக்கு மிகைப்படுத்திய உச்சரிப்பில் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்னும் வெள்ளையர். குடியேறியோரை வெளியேற்றத் துடிக்கும் கூட்டத்தைச் சாடி, அபுவின் பக்கம் நின்ற அருமையான பகுதியும் 1996-இல் வந்தது. எனினும் மக்கள் நினைவில் நின்றது அந்த உச்சரிப்பே. இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பள்ளியில் அதைக் கேட்டுக் கூசினர். ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படம் எடுத்து இதனை உரக்கச் சொன்னார். 2018-இல் தொடர் அளித்த விடை, அன்று கைதட்டல் பெற்றது இன்று தவறாகிவிட்டது, என் செய்வது என்பதாக இருந்தது. குடியரசுத் தலைவருக்கு அத்துணைக் கூர்மையாக விடை தந்த தொடர், புண்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தது இவ்வளவே. 2020-இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார்.

அன்பர்களே, பிறரை மட்டும் குறைசொல்லி அமர்வது முறையன்று. நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டுக் கவியரங்கில் நான் ஒரு நகைச்சுவைக் கவிதை படித்தேன். எங்கள் தெருவில் இரவுக்காவல் புரிந்த நேபாளத்து முதியவரின் பிழைத் தமிழே அதன் பொருள். அவை சிரித்தது, மறுமுறை கேட்டது, படித்தேன். அபுவின் கதையை அறிந்தபின் அக்கவிதையை எடுத்துப் பார்த்தேன். அவர் திரித்து ஒலித்த சொற்கள் அனைத்தும் அதில் இருந்தன. மழையில் குடையின்றி அவர் நடந்த இரவுகளில் ஒன்றுகூட இல்லை. மலர்க்குழுவினர் அக்கவிதையைக் கேட்டபோது, அதற்கு ஈடாக இவ்வுரையைத் தருவதாகச் சொன்னேன்.

அங்கதம் எழுதும் இளங்கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள். எள்ளப்படுபவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு கவிதையைப் படித்துப் பாருங்கள். அவரது அதிகாரத்துக்கு அஞ்சி நாக்குத் தடுமாறினால், துணிந்து படியுங்கள். அவர் முகத்தைப் பார்க்க நாணித் தடுமாறினால், தாளை மடித்துப் பையில் வையுங்கள்.