ஜோடிப் படமும் ஜோடி வாழ்க்கையும்

(ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில், பட்டு நெசவுக் குடும்பமொன்றில் நடந்த வாழ்க்கை ஒப்பந்த விழாவில் பேசியது)



இன்று இங்கு நடந்தேறிய ஒப்பந்தத்தில் மணமக்களை ஆசீர்வதிக்கும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆசீர்வாதம் என்பதில் நமக்கு நம்பிக்கையில்லை. வாயால் சொல்வதனாலேயே ஒருவருக்குப் பதினாறு செல்வமும் வந்துவிடுமானால், நாம் முதலில் நமக்கல்லவா சொல்லிக்கொண்டிருப்போம்! (சிரிப்பு) ஆகையால் ஆசிக்குப் பதிலாக ஒரு யோசனை சொல்லுகிறோம். அது போட்டோவைப் பற்றியது. கல்யாண வீட்டில் போட்டோவைப் பற்றி என்ன பிரசங்கம் என்று சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்டு, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இந்த மேடையில் புரோகிதர் இல்லை, ஹோமப் புகையில்லை, அர்த்தம் தெரியாத மந்திரமில்லை. ஆனால் இக்காலத்துக் கல்யாணங்களில் புரோகிதருடைய இடத்துக்கு வேறொருவர் வந்திருக்கிறார். படம் பிடிப்பவரைத்தான் சொல்லுகிறோம். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவர் உழைத்துச் சாப்பிடுகிறவர். ஆனால், ஐயர் ‘கிழக்கே பார்’ என்றபோது ஏன் என்று கேளாமல் திரும்பிய நம் மணமக்கள், இவர் ‘தலையைச் சாய், கையைப் பிடி, சிரி’ என்னும்போதும் ஏன் என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பே ‘அவுட்டோர்’ என்று கடற்கரைக்கும் மலைக்கும் அழைத்துப் போய், வாடகை உடை உடுத்தி, ஒரு நாள் உல்லாசத்தைக் கெட்டி அட்டைப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பட்ட கடன் தீர எத்தனை சேலை நெய்ய வேண்டுமென்று இவ்வூர் நெசவாளத் தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஆல்பத்தில் கைகோத்து நின்ற ஜோடி, கல்யாணத்துக்குப் பிறகு மறுபடியும் அப்படிச் சேர்ந்து வெளியே போனதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?

போட்டோ வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அது விஞ்ஞானம் நமக்குக் கொடுத்த அருமையான சாதனம். வெள்ளி உப்பின்மேல் வெளிச்சம் பட்டால் அது கறுக்கும் என்ற இயற்கைக் குணத்தை அறிவால் கண்டுபிடித்து, அதைக் கொண்டு மனிதன் உருவத்தைப் பிடித்து வைத்தான். 1839இல் பாரிஸ் நகரத்தில் அதன் செய்முறையை உலகத்துக்கு வெளியிட்டார்கள். எந்த ரிஷியும் தவம் செய்து அதைக் கொண்டுவரவில்லை. நம் நாட்டுக்கு அது வந்தபோது, படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்றார்கள். கர்ப்பிணியைப் பிடிக்கக்கூடாது என்றார்கள். மூன்று பேராக நின்றால் ஒருவருக்கு ஆகாது என்றார்கள். இன்று அந்தப் பேச்செல்லாம் எங்கே? கைப்பேசியில் நாளொன்றுக்கு இருபது படம் பிடித்துக்கொண்டு எல்லோரும் சௌக்கியமாகத்தானே இருக்கிறோம்! பயந்தது பொய்யென்பதை ஒரு சிறு கருவி எல்லோருக்கும் ருசுப்படுத்திவிட்டது.

ஆனால் அதே கருவி இன்னொரு உண்மையையும் ருசுப்படுத்துகிறது. உங்கள் வீட்டிலுள்ள படங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் அதில் எங்கெங்கே இருக்கிறாள்? கல்யாணத்தில் இருப்பாள், வளைகாப்பில் இருப்பாள், பிள்ளைக்குக் காதுகுத்தியபோது இருப்பாள், கோயில் வாசலில் இருப்பாள். எல்லாவற்றிலும் பட்டும் நகையும் போட்டு, பொம்மை மாதிரி நிற்பாள். அவள் தறியடியில் இருக்கும் படம் உண்டா? புத்தகம் படிக்கும் படம் உண்டா? சிநேகிதிகளோடு சிரித்துப் பேசும் படம் உண்டா? சும்மா உட்கார்ந்திருக்கும் படமாவது உண்டா? புருஷனுடைய படங்களையும் பாருங்கள். நண்பர்களோடு டீக்கடையில், ஜவ்வாது மலை பீமன் அருவியில், பந்தாடுமிடத்தில், மாநாட்டில் என்று ஊரெல்லாம் இருப்பான். இந்த வித்தியாசம் படம் பிடித்தவருடைய குற்றமா? இல்லை. இல்லாத ஓய்வை எந்தக் கருவியும் படம் பிடிக்காது.

இவ்வூர் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டு என்றால் வெளியூரெல்லாம் பெயர். அந்தச் சேலையில் பெண்ணின் பங்கு என்ன? சாயமேறி வந்த பட்டைச் சிக்கெடுத்துச் சுற்றுவது, ஊடைக்குத் தார் சுற்றுவது, பாவு நீட்டும்போது அறுந்த இழையைப் பிணைப்பது, கோர்வைச் சேலையானால் தறியின் மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது – இவ்வளவும் பெரும்பாலான வீடுகளில் பெண்ணும் செய்கிற வேலை. நடுவில் சோறும் அவள்தான் ஆக்கவேண்டும். பிள்ளையையும் அவள்தான் பார்க்கவேண்டும். சேலை முடிந்து கூலி வாங்கும்போது மட்டும் நோட்டில் ஒரு பெயர்தான். அது ஆண் பெயர். வேலை இருவருடையது, பெயர் ஒருவருடையது என்றால் இதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இது பட்டுத் தறிக்கு மட்டும் உள்ள சங்கதியல்ல. பத்திரிகைக்குப் படம் பிடித்த முதல் இந்தியப் பெண் என்று புகழ் பெற்ற ஹோமாய் வியாரவல்லா அம்மையாரைச் சொல்லலாம். 1913இல் பிறந்தவர். கணவர் மானெக்‌ஷாவும் படம் பிடிப்பவரே. அவரிடம்தான் அந்தத் தொழிலைக் கற்றார். ஆயினும் ஆரம்பத்தில் அம்மையார் பிடித்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிறகு புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் டில்லி முழுவதும் சுற்றிப் படம் பிடித்துத் தம் பெயரைத் தாமே நிலைநிறுத்தினார். 2011இல் சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது. கையில் கருவியும் அறிவும் இருந்த பெண்ணுக்கே பெயர் கிடைப்பது அவ்வளவு தாமதமென்றால், தார் சுற்றும் பெண்ணின் கதியை யோசித்துப் பாருங்கள்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஜோடிப் படம் எது? பாற்கடலில் பாம்பின்மேல் ஒருவர் சுகமாகப் படுத்திருக்கிறார். அவர் சம்சாரம் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் வைத்துச் சாமி படங்களைக் கல்லச்சில் அடித்து மலிவாக விற்க ஆரம்பித்தது முதல், இம்மாதிரிப் படங்கள் குடிசை வரையில் வந்துவிட்டன. கால் பிடிப்பதுதான் பெண்ஜாதியின் தர்மமென்று பெண் குழந்தைக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, சுவரே சொல்லித்தருகிறது.

அதற்கு மறு வருஷம், 1895இல், பிரான்சு தேசத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண் மேரி, மாப்பிள்ளை பியர் கியூரி. பாதிரியார் கிடையாது, மதச் சடங்கு கிடையாது. மணப்பெண் உடுத்தியது சாதாரணக் கருநீல உடுப்பு. பிற்பாடு அதையே ஆராய்ச்சிச் சாலையிலும் உடுத்திக்கொண்டார். கல்யாணப் பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு, கிராமங்களையும் காடுகளையும் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இருவரும் சைக்கிளோடு நிற்கிற போட்டோ இன்றும் இருக்கிறது. அதில் ஒருவர் காலை ஒருவர் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். (கரகோஷம்) இந்த ஜோடிதான் ரேடியத்தைக் கண்டுபிடித்தது. 1903இல் நோபல் பரிசுக்கு முதலில் பியர் பெயரையும் பெக்கரல் என்பவர் பெயரையும் மட்டுமே எழுதியிருந்தார்கள். பியர், மேரியின் பங்கையும் சேர்த்தே எண்ணவேண்டுமென்று எழுதிய பின்புதான் மேரிக்கும் பரிசு வந்தது. சைக்கிளில் கூட வந்தவன், பெயரிலும் கூட நின்றான். துணைவன் என்றால் அவனையல்லவா சொல்லவேண்டும்!

‘இதெல்லாம் சீமை வழக்கம், கூலி நெசவுக்காரனுக்கு உல்லாசமும் பொழுதுபோக்கும் ஏது?’ என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சைக்கிள் சீமைக்கு மட்டும் சொந்தமில்லை. 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் எழுத்துக் கற்றுக்கொண்ட ஏழைப் பெண்கள் பல்லாயிரம் பேர் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் கல்லுடைக்கிறவர்களும், வயல் வேலை செய்கிறவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகவும் ஆண் துணைக்காகவும் காத்திருந்தவர்கள் தாமே கிளம்பிப் போனார்கள். அவர்களுக்கு அதுவரை குறைவாயிருந்தது பணம் மட்டுமா? போகலாம் என்ற துணிவும், போனால் பழிக்காத ஊரும் அல்லவா குறைவாயிருந்தன!

கமண்டல நாகநதிக் கரையில் நடந்து வர என்ன செலவு? திருவிழாவுக்குப் போகும் பஸ் காசில் ஒரு தடவை ஜவ்வாது மலைக்குப் போகலாகாதா? அதே மலைத்தொடரில் காவலூரில் வானத்தை ஆராயும் நிலையம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தூரதர்சினி வேலை செய்கிறது. சனி நம்மைப் பிடிக்கும் என்று எள் விளக்கேற்றும் ஜனங்கள், சனி என்பது வளையத்தோடு சுற்றும் ஒரு கோளம் என்பதை அறிந்துகொள்ள அம்மாதிரி இடங்களைப் பற்றிப் பேசினாலே போதும். பாதி பயம் போய்விடும்.

பல இடங்களில் அமாவாசையன்று நெசவாளர் தறியில் இறங்குவதில்லை. தறிக்கு லீவு, அடுப்புக்கு உண்டா? அன்று வடை பாயசம் என்று அடுப்புக்கு இரட்டை வேலை. ஆகையால் பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றால், அன்று உலை வைக்க ஆண் முன்வரவேண்டும். அதில்லாமல் ‘வா, வெளியே போகலாம்’ என்பது, விடியற்காலையில் எழுந்து கட்டுச்சோறு கட்டும் வேலையை அவள் தலையில் இன்னொன்றாக ஏற்றுவதேயாகும்.

தோழர்களே! 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தது முதல், இது கல்யாணமே அல்ல என்றார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரி முதல் அமலாகி, அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. 2023இல் சுப்ரீம் கோர்ட்டும், இத்திருமணம் ஊரறியப் பகிரங்கமாக நடந்தாகவேண்டும் என்பதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பந்தலும் கூட்டமும் ஆல்பமும் இல்லாமலே ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் ஒப்பந்தம் செய்துகொண்டு மறுநாளே எஜமானனும் வேலைக்காரியுமாக நடப்பார்களானால், ஐயரை நீக்கியதனால் என்ன லாபம்? மந்திரம் மிச்சம், அவ்வளவுதான்.

மணமகனாகிய தோழருக்கு நாம் சொல்வது இது. கூலி நோட்டிலும் பாங்கிக் கணக்கிலும் அம்மையார் பெயரையும் எழுதச் செய்யுங்கள். மாதத்தில் இரண்டு நாளாவது அடுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மணமகளாகிய அம்மையாருக்குச் சொல்வது இது. படிப்போ, சைக்கிளோ, பாட்டோ, படம் பிடிப்பதோ, உங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை. அடுத்த வருஷம் இதே நாளில் நீங்கள் இருவரும் எடுத்த படங்களைக் கொண்டுவந்து இந்த ஊராருக்குக் காட்டுங்கள். தறியடியில் இருவரும், ஆற்றங்கரையில் இருவரும், உலையடியில் அவர், புத்தகத்தோடு நீங்கள் என்று அதில் இருக்குமானால், எங்கள் பிரசாரத்தைவிட அதுவே பெரிய பிரசாரம்.