ஆங்கிலம் பேச அச்சம் ஏன்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில வாத்தியார் மேடை ஏறுகிறார், இனி அரை மணி நேரம் இங்கிலீஷ்தான் என்று பின்வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. பயப்படாதீங்க, தமிழிலேதான் பேசப்போகிறேன். ஆங்கிலம் தெரியாதவர்களைப் பற்றியல்ல, தெரிந்தும் வாய் திறக்காதவர்களைப் பற்றி.

நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள். கல்லூரிக்கு வந்தபின் பகுதி இரண்டு என்று அதே ஆங்கிலம் தொடர்கிறது. பாடம் படித்தால் புரிகிறது, தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஒருவர் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்லி, 'தைரியமா இரு' என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். தைரியம் தட்டிக்கொடுத்து வருவதில்லைங்க. எங்கே சிக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'நான் நேற்று சாயங்காலம் பஸ்ஸிலே மதுரைக்குப் போனேன்.' தமிழில் 'போனேன்' வருவது கடைசியில். ஆங்கிலத்திலோ, 'ஐ' என்றதும் 'வென்ட்' வந்தாக வேண்டும். நம் பிள்ளை மனசுக்குள் தமிழில் வாக்கியத்தைக் கட்டி, கடைசிவரை போய், அங்கிருந்து வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி வர வேண்டியிருக்கிறது. அதற்குள் எதிரே இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பிள்ளைக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தப் பிள்ளை பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது!

இதற்கு மருந்து எளிது. முழு வாக்கியத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 'ஐ வென்ட்' என்று இரண்டு சொல்லை வெளியே விட்டுவிடுங்கள். வாய் திறந்தாயிற்று, கேட்பவர் காத்திருப்பார். பிறகு நிதானமாக 'டு மதுரை', 'பை பஸ்', 'யெஸ்டர்டே ஈவினிங்' என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு நாளும் இரவு படுக்கும் முன் அன்று செய்த பத்துக் காரியங்களை இப்படிச் சொல்லிப் பாருங்கள். 'ஐ வோக் அப்', 'ஐ மிஸ்ட் த பஸ்'. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள்ளே சொன்னால் நாக்குக்குப் பழகாது.

அடுத்தது உச்சரிப்பு. தமிழில் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு பட்டம் என்றும் கம்பம் என்றும் எழுதுகிறோம். இரண்டு இடத்திலும் ஒலி வேறு, இடத்தைப் பொறுத்து அது தானே மாறிவிடும். ஆங்கிலத்தில் அப்படி மாறாது. அதோடு இன்னொன்று உண்டு. ஆங்கிலேயர் 'பென்' என்று பேனாவைச் சொல்லும்போது முதல் எழுத்தோடு ஒரு மூச்சுக்காற்றும் வரும். நாம் அந்தக் காற்று இல்லாமல் சொல்வதால், அவர்கள் காதில் அது 'பெஞ்ச்' என்பதில் வருகிற ஒலியாக விழலாம். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். காகிதம் அசைந்தால் சரி. இதற்குக் காசு செலவில்லை.

அழுத்தமும் அப்படித்தான். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில், 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். நாமோ எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். அதிலும் வேகமாகப் பேசினால்தான் சரளம் என்று நினைத்து எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டுகிறார்கள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினால் பாதிக் குறை தெரியவே தெரியாது.

இதையெல்லாம் விடப் பெரிய தடை, 'யாராவது சிரிப்பாங்களோ' என்பது. ஒன்று கேட்கிறேன். வெள்ளைக்காரருக்கு நம் 'தூத்துக்குடி' வாயில் வரவில்லை, 'டூட்டிகொரின்' என்றார். திருவல்லிக்கேணியை 'ட்ரிப்ளிகேன்' ஆக்கினார். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி அவர்கள் அகராதியிலேயே ஏறிவிட்டது. கட்டுமரமும் சுருட்டும் கூட அப்படிப் போனவைதான். அதற்காக எந்தத் துரையாவது வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாரா? நாம் மட்டும் ஏன் ஒரு 'எஸ்' விட்டுப்போனதற்குத் தலை குனிய வேண்டும்?

ராமேசுவரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்த அப்துல் கலாம் அவர்களின் ஆங்கிலத்தைக் கேட்டிருப்பீர்கள். தமிழ் வாடை கடைசிவரை போகவில்லை. 2007 ஏப்ரல் மாதம் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவராக நின்று அதே ஆங்கிலத்தில்தான் பேசினார். நடுவே கணியன் பூங்குன்றனாரையும் தமிழில் சொன்னார். அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது, அது போதும்.

என் வகுப்பில் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இருந்தார். இரண்டு வருடம் பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட் சார்' தவிர வேறு பேச்சில்லை. அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். ஒருநாள், எரிந்துபோன மோட்டாரை எப்படிச் சரி செய்வார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். பழைய காயிலை வெட்டி எடுப்பது, எத்தனை சுற்று என்று எண்ணுவது, காப்புத்தாள் வைப்பது, அதே கேஜ் செம்புக் கம்பி சுற்றுவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது என்று பத்து நிமிடம் நிற்காமல் சொன்னார். 'மை ஃபாதர் கவுண்ட் த டர்ன்ஸ்' என்றார். இலக்கணம் தவறுதான். நான் திருத்தவில்லை, நடுவில் திருத்தியிருந்தால் அதோடு நின்றிருப்பார். வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. தெரிந்த விஷயத்தைப் பேசவிட்டால் மொழி பின்னாலேயே வருகிறது. 'வேற்றுமையில் ஒற்றுமை' பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றால் எனக்கே நாக்கு வறண்டுவிடும்.

இப்போது என் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் பெரிய பதவிகளில் இருக்கிறீர்கள், ஆள் எடுக்கிற குழுவிலும் உட்காருகிறீர்கள். கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை ஒரு கேள்விக்கு மௌனமாக நின்றால், பேப்பரைத் திருப்புவதற்கு முன் இன்னும் பத்து விநாடி பொறுங்கள். தமிழில் சொல்லட்டும், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நாமும் ஒரு காலத்தில் அந்த நாற்காலிக்கு எதிரே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தானே? ஆங்கிலம் இல்லாததால் அல்ல, அந்தப் பத்து விநாடி கிடைக்காததால் வேலை போனவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் இங்கே வந்திருக்கிறார்கள்.

முதல்வர் அவர்களிடம் ஒரு அறை கேட்டேன், தந்துவிட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் மாலை மூன்று மணிக்கு, ஒரு முன்னாள் மாணவர் எதிரே ஐந்து மாணவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. அவரவர் வீட்டுத் தொழில், ஊர்த் திருவிழா, பார்த்த கிரிக்கெட், எதுவானாலும் சரி. திருத்துவதெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். வர இசைகிறவர்கள் செயலாளரிடம் இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம். இதுவரை நான்கு பெயர்தான் விழுந்திருக்கிறது. தேநீர்ச் செலவு என்னுடையது.