காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்லி நகரம் புகையில் மூழ்குகிறது. பக்கத்து மாநிலங்களில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை வருகிறது. வண்டிப் புகையும், ஆலைப் புகையும், தெருத் தூசியும் சேர்கின்றன. குளிர் காலத்தில் புகை மேலே போகாது. மூடி போட்ட பானைபோல ஊருக்குள்ளேயே நிற்கும். கண் எரியும். பிள்ளைகளுக்கு இளைப்பு வரும்.

இந்த நாட்களில் கடைகளில் ஒரு பெட்டி நன்றாக விற்கிறது. அதன் பெயர் ஏர் பியூரிஃபையர். காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், வேலை செய்யும் வீடுகளில் இந்தப் பெட்டியைப் பார்க்கிறார்கள். தூசி தட்டித் துடைத்தும் வைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கும் இளைப்புதான். "சீட்டு எடுத்து ஒன்று வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

முதலில் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கே தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடி வரை போகிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட அது இருக்காது. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள காற்றில் ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டின் அளவு. 15 தான் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. டெல்லியில் மோசமான நாட்களில் 300ஐயும் தாண்டுகிறது.

பெட்டிக்குள் ஒரு மின்விசிறி இருக்கிறது. அது காற்றை இழுக்கிறது. ஹெப்பா என்னும் தாள் சல்லடை நுண்தூசியைப் பிடித்துக்கொள்கிறது. மாயம் ஒன்றும் இல்லை. நல்ல சல்லடை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பிடிக்கும். ஆக, பெட்டி வேலை செய்யும் என்பது உண்மை.

ஆனால் மூடிய அறையில்தான் வேலை செய்யும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஜன்னலில் கண்ணாடி இல்லை. கதவு ஓயாமல் திறக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பெட்டியை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அங்கே சீட்டுப் பணத்தை இதில் போட வேண்டாம். கதவும் ஜன்னலும் நன்றாகச் சாத்தும் அறை இருந்தால், பிள்ளை தூங்கும் அந்த ஓர் அறைக்கு மட்டும் வைக்கலாம். தூசி நன்றாகக் குறையும். டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது வேறு, அதில் இருப்பது வேறாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்று பாருங்கள். 10 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். அது மணிக்கு ஐந்து முறையாவது பெட்டிக்குள் போய் வர வேண்டும். 34ஐ 5ஆல் பெருக்கினால் 170. அதற்குக் குறைந்த பெட்டி அந்த அறைக்குப் போதாது. சல்லடையை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதன் விலையையும் அப்போதே கேளுங்கள். தாள் சல்லடையைத் தண்ணீரில் கழுவினால் கெட்டுவிடும். புதுச் சல்லடை பிளாஸ்டிக் உறைக்குள் வரும். உறையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு!

சில பெட்டிகளில் சல்லடையே இருக்காது. ஓசோன் என்னும் வாயுவை அது வெளியே விடும். "காற்றே புத்துணர்ச்சி ஆகிவிடும்" என்று சொல்லி விற்பார்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு காரமான வாடை வருமே, அது ஓசோனின் வாடைதான். அது நுரையீரலை எரிக்கும். இளைப்பு உள்ள பிள்ளைக்கு இன்னும் கெடுதல். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளை விற்கத் தடை இருக்கிறது. இதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒரு மூலையில் பெட்டி ஓடும். இன்னொரு மூலையில் கொசுவர்த்திச் சுருள் எரியும். ஒரு சுருளில் வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டில் வரும் அளவு என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. சுருளை நிறுத்திக் கொசுவலை கட்ட, பெட்டி விலையில் சிறு பங்குகூட ஆகாது. வெளிப்புகை மதியத்தில் கொஞ்சம் குறையும். ஜன்னலை அப்போது திறக்கலாம்.

கடைசியாக ஒன்று. இது உயிர் போகும் விஷயம். டெல்லியில் குளிருக்காக அங்கீட்டி என்னும் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குகிறார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர் காலத்திலும் வட இந்தியாவில் இப்படிக் குடும்பம் குடும்பமாகச் சாகிறார்கள். "பெட்டிதான் ஓடுகிறதே" என்று நம்பி இருக்கக் கூடாது. சல்லடை தூசியைப் பிடிக்கும். இந்த வாயுவைப் பிடிக்காது. கரிச் சட்டியை வாசலிலே வைத்துக் குளிர் காயுங்கள். படுக்கப் போகும்போது அதை உள்ளே கொண்டு போகாதீர்கள். மூடிய அறையில் யாருக்காவது தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே கதவைத் திறந்து வெளியே தூக்கி வாருங்கள். பிறகு 112க்குப் போன் செய்யுங்கள்.