ஏழாம் மாத விருந்தும் பிரசவ நாளின் தேவையும்

(நம் ஜமாஅத்தின் மகளிர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஆண்களும் படித்தல் நலம் என்பதால் ஆண்டறிக்கையில் இடம்பெறுகிறது.)





நம் வீடுகளில் மகள் முதன்முதலாகக் கருவுற்றால், ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோம். சில குடும்பத்தார் அதனை வளைகாப்பு என்றே சொல்கின்றனர். சிலர் ஃபாத்திஹா ஓதி விருந்து வைக்கின்றனர். வேறு சிலர் எந்தச் சடங்கும் வேண்டாமென்று பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு போகின்றனர். இவற்றுள் எது மார்க்கத்தில் உள்ளது, எது இல்லாதது என்பதை ஆலிம் பெருமக்கள் கூறுவார்கள். அது என் துறையன்று. என் துறை பிரசவ அறை. அங்கே பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விருந்துக்கு வந்து பிரியாணி உண்டு, பிள்ளையின் கன்னத்தைத் தடவி, துஆச் செய்துவிட்டுப் போன நாற்பது பெண்களில் ஒருவருக்கேனும் அவளுடைய இரத்த வகை என்னவென்று தெரிந்திருப்பதில்லை.

விருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெண்கள் ஒன்றுகூடும் நாள் அருமையான நாள். அந்த நாளில் இரண்டு மணி நேரத்தைப் பிரசவத்திற்கான ஆயத்தத்திற்கு ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெண்கள் கூடிப் பேசினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஆண்களுக்கு நாம் கூடினாலே வம்பு பேசுகிறோம் என்றொரு எண்ணம். அவர்களுக்காகவே இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். நேபாளத்தில் மக்வான்பூர் என்றொரு மலை மாவட்டம். அங்கே ஊர்ப்பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி, கர்ப்பம், பிரசவம், பச்சிளங்குழந்தை ஆகியவை பற்றித் தமக்குள் பேசி முடிவெடுக்கச் செய்தனர். கூட்டத்தை நடத்தியவர் மருத்துவர் அல்லர். அந்த வட்டாரத்துப் பெண் ஒருவர்தாம். 2004-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் அதன் முடிவு வெளியாயிற்று. கூட்டம் நடக்காத பகுதிகளில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 37 குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்தன; கூட்டம் நடந்த பகுதிகளில் அது 26 ஆகக் குறைந்திருந்தது. நம் நாட்டிலும் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு இதே முறையைப் பின்பற்றியது. கதைகளையும் படங்களையும் வைத்துப் பெண்கள் பேசினர். 2010-இல் வெளியான அந்த ஆய்விலும் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புதிய மருந்தோ பெரிய கட்டடமோ அங்கே வந்துவிடவில்லை. கூடிப் பேசினார்கள், பேசியதைச் செய்தார்கள்.

நம் நிலைமை அவர்களுடையதைப் போன்றதன்று. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. 2018–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தனர். தமிழ்நாட்டில் அது 54. நல்ல நிலைதான். ஆனால் அந்த 54 பேரும் ஒவ்வொரு வீட்டின் மகள்கள் அல்லவா? அதே கணக்கில் கேரளத்தின் எண் 19.

தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு பெண்மணிகள் 1994-இல் ஒரு விளக்கம் தந்தனர். மூன்று தாமதங்கள் என்று அதனைச் சொல்வார்கள். மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேர்வதில் ஒரு தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். முதல் இரண்டும் முழுக்க நம் கையில் உள்ளவை. மூன்றாவதிலும் ஒரு பாதி நம் கையில் உள்ளது.

முதல் தாமதத்தைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைகிறது. பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். கணவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். 'மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்' என்கிறார் அத்தா. 'சம்பந்தியிடம் சொல்லாமல் போனால் நாளைக்குப் பேச்சு வரும்' என்கிறார் அம்மா. 'விடியட்டும், முதல் பிரசவம்தானே, நேரமாகும்' என்கிறார் நன்னி. மூவருக்கும் அவள்மீது அன்பில்லாமல் இல்லை. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஏழாம் மாதக் கூட்டத்தில் மாமியாரும் தாயாரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்கள். அப்போதே பேசி முடித்துவிடுங்கள்: வலி கண்டாலோ, தண்ணீர் உடைந்தாலோ, வீட்டில் இருக்கும் பெரியவர் யாரையும் கேட்காமல் கிளம்பலாம், தகவல் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கணவர் கையெழுத்திட்டால்தான் அறுவை சிகிச்சை நடக்கும் என்ற அச்சம் நம்மிடையே மிகுதி. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது: வயது வந்த, தெளிந்த நிலையில் உள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே தேவை, அவளுக்குப் பதிலாகத் தாயார் தந்த சம்மதம்கூடச் செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. உறவினர் ஒருவரும் கையெழுத்திட வேண்டுமென்று மருத்துவமனையில் கேட்பது நடைமுறை. ஆதலால் உடன் வரப்போகும் உறவினர் யார் என்பதையும் அன்றைக்கே தீர்மானித்துவிடுங்கள்.

இரண்டாவது, போய்ச் சேர்வது. நமக்கு ஒரு வசதி உண்டு; உளுந்தூர்பேட்டை சாலைகள் பிரியும் ஊர். மேற்கே தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகலாம். 2022 முதல் அங்கே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. வடக்கே போனால் விழுப்புரம் தாண்டி முண்டியம்பாக்கம். ஊரிலேயே அரசு மருத்துவமனையும் இருக்கிறது. கல்வராயன் மலைக் கிராமத்துப் பெண்களை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும். மலையிலிருந்து இரவில் இறங்குவது கடினம் என்பதற்காகவே, மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கப் பேறுகாலக் காத்திருப்பு அறைகளை அரசு ஏற்படுத்தியது. நமக்கு வாசலிலேயே நெடுஞ்சாலை. அப்படியிருந்தும் ஆட்டோ யார், கார் யார் என்று அந்த நேரத்தில்தான் தேடுகிறோம். 108 எண்ணை முதலில் அழையுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடுகிறது. அது வேறோர் அழைப்பில் இருந்தால் என்ன செய்வது? தெருவில் இரவிலும் எழுந்து வரக்கூடிய வண்டிக்காரர் இருவரின் எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பதுதான் வழி. கைப்பேசியில் வைத்திருந்தால் போதாது. கைப்பேசிக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டு அவள் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவதில் நம் பங்கு என்ன? இங்கேதான் தாய்வீட்டுக்கு வரும் வழக்கத்தால் ஒரு சிக்கல் நேர்கிறது. பண்ருட்டியிலோ ஆத்தூரிலோ வாழ்க்கைப்பட்ட பெண் ஏழு மாதம் அங்கே பரிசோதனை செய்துகொண்டிருப்பாள். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவளைத் தெரியும். இங்கே வந்ததும் எவருக்கும் தெரியாது. சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவாள். தாய் சேய் நல அட்டை அங்கேயே அலமாரியில் கிடக்கும். அப்படி வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். இரத்த வகை, பழைய ஸ்கேன், சர்க்கரையின் அளவு எதுவும் கையில் இல்லை. புகுந்த வீட்டுக்குப் போன் செய்து, அங்கே ஒரு சிறுவன் அட்டையைத் தேடியெடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்க, நாங்கள் எழுதிக்கொண்டோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். அட்டையைத் தேடிய அந்த அரைமணி நேரத்தில் அவளுக்கு உதிரப்போக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே கூட்டத்தின் முதல் வேலை, எல்லோர் முன்னிலையிலும் பையைக் கட்டுவது. தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஆதார், ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனைத் தாள்கள், காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை ஓர் உறையில் இருக்கட்டும். பிக்மி எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். மறுநாளே இவ்வூர்ச் செவிலியரிடம் போய், இன்னார் மகள் வந்திருக்கிறாள் என்று பெயரைப் பதிவு செய்யுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2006-இல் 6,000 ரூபாயாக இருந்து, 12,000 ஆகி, பின்னர் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்ந்தது. கருவுற்ற 12 வாரத்திற்குள் பதிவு செய்தவர்களுக்கே அது சிக்கலின்றி வந்து சேர்கிறது. ஊர் மாறியதால் தவணை நின்றுபோயிற்று என்ற புலம்பலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

விருந்தாளிகள் கொண்டுவரும் பொருளும் இந்தப் பைக்குள் போகக்கூடியதாக இருக்கட்டும். துவைத்து, கொதிநீரில் போட்டு, நல்ல வெயிலில் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துணி நான்கு. குழந்தைக்குத் தொப்பி, காலுறை. தாய்க்கு முன்புறம் திறக்கும் இரவு உடை, நாப்கின், ஒரு பிளாஸ்க். ஏழைப் பெண்ணுக்கு இவையே பெரிய சீர். இனிப்பு ஆறு தட்டு வந்தால் ஐந்து தட்டு வீணாகிறது. பெண்ணைப் பெற்றவர் வட்டிக்கு வாங்கி விருந்து வைத்துவிட்டு, பிரசவத்தின்போது ஸ்கேனுக்குக் காசில்லாமல் நிற்பதை வெட்கக்கேடு என்றே நான் சொல்வேன்.

இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரசவத்தில் உயிர் போவதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று, குழந்தை பிறந்த பின் ஏற்படும் உதிரப்போக்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. உடலில் இரத்தம் குறைவாக உள்ளவள் சிறிதளவு இழந்தாலும் தாங்கமாட்டாள். செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். அது இயல்பு, தீங்கில்லை. தேநீருடனும் காபியுடனும் அதை விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றுடன் குடிக்கலாம். கால்சியம் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளி விழுங்குங்கள்.

நெகட்டிவ் வகை இரத்தமுள்ள தாய்மார்கள் தம் வகையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் வகையாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்திற்குள் ஆன்டி-டி என்னும் ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்த வகையினருக்கு இரத்தம் தருபவரை முன்கூட்டியே தேடி வைப்பது நல்லது. இதை அச்சில் படிக்கும் இளைஞர்களுக்கு: ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை இரத்தம் தரலாம். உங்கள் பெயர், இரத்த வகை, எண் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி, ஒளுச் செய்யும் இடத்திற்கு அருகே நிர்வாகம் ஒட்டிவைத்தால் போதும், வேறு செலவில்லை.

கூட்டத்தில் அபாய அறிகுறிகளை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். உதிரம் படுதல், தாங்காத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் – இவற்றுள் எது வந்தாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. தலைவலிக்குத் தைலம் தடவிப் படுக்கவைத்த வீடுகள் உண்டு. உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறி அது என்பதை அறியாமல் செய்கிறார்கள். ரமலானில் கர்ப்பிணி தன் உடல்நிலைக்கு அஞ்சினால் நோன்பைப் பிற்படுத்திக்கொள்ள மார்க்கத்தில் சலுகை உண்டு. மற்றவர்கள் நோற்கிறார்களே என்று வெட்கப்பட்டு மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மாமியார்மார்கள் அவளை ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

குழந்தை பிறந்ததும் செய்வதையும் அன்றே பேசிவிட வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள்; தொப்புளில் எதையும் தடவாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் விற்கும் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தஹ்னீக் செய்ய விரும்புவோர் குழந்தை மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதன் பெயரால் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதற்கு இடமில்லை.

அங்கன்வாடிகளின் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்கு நம் பெண்களை அனுப்பத் தயங்குகிறோம். அங்கே எல்லாச் சமயத்துப் பெண்களும் வருகிறார்கள். குங்குமம் வேண்டாமென்று புன்னகையோடு சொன்னால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை. ஊட்டச்சத்து பற்றிச் சொல்லப்படுவது நமக்கும் உரியதுதானே? போகச் சொல்லுங்கள்.

நிர்வாகத்தாரிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில், மதரஸாக் கூடத்தைப் பெண்களுக்குத் தர வேண்டும். அந்த மாதம் ஏழாம் மாதத்தில் இருக்கும் பெண்கள் தாயாரோடும் மாமியாரோடும் வரட்டும். விருந்து வைக்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே அதே பாய், அதே பை, அதே பட்டியல். தேநீரும் பிஸ்கட்டும் போதும். வரும் மாதத்தில் நாள் நெருங்கும் மகள்கள் உள்ள வீட்டார், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். வரும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.